பொது இணைப்பில் அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுப்பது இணைய நடுநிலைமைக்கு எதிரானதா?

கடைசிமடை எழுதியது:

நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றின் பொது இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கடந்த ஆண்டு என் தலையில் விழுந்தது. பதிவிறக்கத்திற்கு நொடிக்கு 200 மெகாபிட், பதிவேற்றத்திற்கு 20 மெகாபிட் என்று இருக்கும் ஒரே இணைப்பை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. மாலை ஏழு மணிக்குப் பிறகு காணொளி அழைப்புகளில் குரல் அறுந்து அறுந்து வருவதாகத் தொடர்ந்து புகார்கள் வந்ததால், ரவுட்டரில் இருந்த முன்னுரிமைப் பட்டியலைத் திறந்து, அழைப்புச் செயலிகளை மேலேயும் டொரன்ட் முதலிய கோப்புப் பரிமாற்றங்களைக் கீழேயும் வைத்தேன். புகார்கள் ஓரளவு குறைந்தன, முழுவதுமாக நிற்கவில்லை.

இதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்ததும் குடியிருப்பாளர் ஒருவர் கடுமையாக ஆட்சேபித்தார். "பெரிய நிறுவனங்கள் செய்தால் இணைய நடுநிலைமை மீறல் என்கிறோம். அதையே நீங்கள் சிறிய அளவில் செய்கிறீர்கள். என் பதிவிறக்கம் அடுத்த வீட்டுக்காரரின் அழைப்பைவிட முக்கியமற்றது என்று முடிவு செய்ய நீங்கள் யார்?" என்பது அவர் கேள்வி. முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்துப் பார்த்தபோது, உடனே பதில் சொல்லத் தெரியவில்லை என்பதும் புரிந்தது.

தேடிப் படித்ததில் குழப்பம் கூடியது. இணைய நடுநிலைமை என்றால் எல்லாப் பொட்டலங்களையும், அதாவது இணையத்தில் பயணிக்கும் தரவின் சிறு துண்டுகளையும், சமமாக நடத்த வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நிர்வகிக்கப்படாத வலைப்பின்னல் என்று ஒன்று கிடையாது என்று மறுதரப்பு சொல்கிறது. விதிகளோ இரண்டையும் ஒப்புக்கொண்டு, "நியாயமான போக்குவரத்து மேலாண்மை" அனுமதிக்கப்படும் என்கின்றன. எது நியாயம், அதற்கு அளவுகோல் என்ன என்பதுதான் என் கேள்வி.

வரிசைமுனை எழுதியது:

"எல்லாப் பொட்டலங்களும் சமம்" என்பது நல்ல முழக்கம். வலைப்பின்னல் பொறியியலில் அது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்ததில்லை. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் அருகிலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே, நொடிக்கு 32 கிலோபிட் செல்ல வேண்டிய தரவு 40 பிட்டாகச் சரிந்தது. கிலோபிட் அல்ல, வெறும் 40 பிட். ஒவ்வொரு கணினியும் தொலைந்த பொட்டலங்களை மீண்டும் மீண்டும் அனுப்ப, இணைப்பு தன் நெரிசலிலேயே மூச்சு முட்டி நின்றது. அதைக் கண்ட வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டு முறைதான், பல மாற்றங்களுடன், இன்றும் நம் கணினிகளுக்குள் இயங்குகிறது. பொட்டலம் தொலைந்தால் அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே மேலாண்மை என்பது இணையத்தின் மீது யாரோ வெளியிலிருந்து ஏற்றிவைத்த சுமை அல்ல. அது இல்லாவிட்டால் இணையம் நின்றுவிடும்.

உங்கள் கேள்விக்கு வருவோம். நீங்கள் தவறான நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அழைப்புகள் அறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் 200 மெகாபிட் பதிவிறக்கப் பாதை அல்ல, 20 மெகாபிட் பதிவேற்றப் பாதை. மாலையில் வீடு திரும்பும் கைப்பேசிகள் அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் மேகக் கிடங்குக்கு ஏற்றத் தொடங்குகின்றன. அவை அனுப்பும் பொட்டலங்கள், மோடத்தில் இருக்கும் பஃபர் என்னும் தற்காலிகக் கிடங்கில் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பஃபர் ஒரு மெகாபைட் அளவுடையது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். 20 மெகாபிட் பாதையில் அது வெளியேற 0.4 நொடி ஆகும். உங்கள் குடியிருப்பாளர் பேசும் சொல் ஒவ்வொன்றும் அந்த வரிசையின் வாலில் போய் நின்று 400 மில்லிநொடி காத்திருக்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நெடுநாள் பரிந்துரை. இந்தக் கோளாறுக்கு 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். தமிழில் பஃபர் உப்பல் எனலாம்.

கவனியுங்கள்: வந்தவர் வந்த வரிசையில் செல்லட்டும் என்ற அந்த வரிசை எவரையும் பாகுபடுத்தவில்லை. பார்வைக்கு அது முழு நடுநிலைமை. ஆனால் வரிசையை நிரப்பியவர் ஒருவர், தாமதத்தை அனுபவிப்பவர் வேறொருவர். ஒன்றும் செய்யாமலிருப்பதே நடுநிலைமை என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

இதற்கான தீர்வுக்கு எந்தச் செயலியின் பெயரும் தெரிய வேண்டியதில்லை. கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட 'கோடெல்' என்ற முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு தொடர்ந்து 5 மில்லிநொடியைத் தாண்டினால் சில பொட்டலங்களைக் கைவிட்டு, அனுப்புபவருக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லி மறைமுகமாகச் சைகை காட்டுகிறது. அதனுடன் ஒவ்வொரு இணைப்போட்டத்திற்கும் தனி வரிசை அமைத்து முறைவைத்து அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்த்தால், அழைப்பு போன்ற மெல்லிய ஓட்டங்கள் பெரும்பாலும் காத்திருக்காமல் கடந்துவிடும். அவை 'அழைப்பு' என்பதால் அல்ல, அந்த நேரத்தில் தம் பங்கைவிடக் குறைவாகக் கேட்பதால்.

உங்கள் ரவுட்டரில் இந்த வரிசை மேலாண்மையைச் செய்யும் 'எஸ்க்யூஎம்' அல்லது 'கேக்' என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். வேக வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, பதிவேற்றத்திற்கு 18 மெகாபிட் என்பதுபோல, வையுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல் உங்கள் ரவுட்டரில், உங்கள் கட்டுப்பாட்டில், உருவாகும். பிறகு அந்த முன்னுரிமைப் பட்டியலை அழித்துவிடுங்கள். ரவுட்டர் தயாரித்தவருக்குத் தெரிந்த நான்கைந்து பெரிய செயலிகள் மட்டுமே அதில் இருக்கும். நேற்று வெளிவந்த ஒரு புதிய அழைப்புச் செயலி அதில் இல்லாததால் உங்கள் குடியிருப்பில் திணறும். "இந்தச் செயலி சரியில்லை" என்று சொல்லி மக்கள் பழையதற்கே திரும்புவார்கள். உங்கள் ஆட்சேபணையாளர் அஞ்சுவது இதைத்தான் என்றால், அவர் அஞ்சுவது சரியே.

சட்டப்பிரிவு எழுதியது:

விதிகள் பக்கம் ஒன்றிரண்டு விவரங்கள். முதலில், இந்த விதிகள் பொதுமக்களுக்கு இணைய அணுகலை வழங்கும் நிறுவனங்களை நோக்கியவை. தன் இணைப்பைத் தனக்குள் பகிர்ந்துகொள்ளும் குழுவை நோக்கியவை அல்ல. ஆகவே சட்டமீறல் என்ற குற்றச்சாட்டு உங்கள்மேல் நிற்காது. கொள்கைக் கேள்வி மட்டும் நிற்கும்.

'நியாயம்' என்ற சொல்லுக்கு ஓரளவு உருவம் கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. மேலாண்மை வெளிப்படையாகவும், பாகுபாடற்றதாகவும், தேவைக்கு ஏற்ற அளவிலும் இருக்க வேண்டும். வணிக நோக்கில் அமையக்கூடாது. குறிப்பிட்ட உள்ளடக்கத்தைக் கண்காணிக்கக்கூடாது. தேவையான காலத்திற்கு மேல் நீடிக்கக்கூடாது என்கிறது அது. ஆனால் வரிசைமுனை வகைப்படுத்தலே வேண்டாம் என்கிறார்; இந்த ஒழுங்குவிதி அதை முற்றிலும் விலக்கவில்லை. புறவயமான தொழில்நுட்பத் தேவைகள் வேறுபட்டால், போக்குவரத்தை வகைகளாகப் பிரித்து நடத்தலாம். 'அழைப்பு வகை' என்பதற்கு இடமுண்டு. 'இந்த நிறுவனத்தின் அழைப்பு' என்பதற்கு இடமில்லை. ஒரு குறிப்பிட்ட செயலியையோ வகையையோ தனித்து மெதுவாக்குவதற்கு மூன்றே விதிவிலக்குகள்: சட்டத்தின் ஆணை, வலைப்பின்னலின் பாதுகாப்பு, விதிவிலக்கான அல்லது தற்காலிகமான நெரிசல். அந்த மூன்றாவதிலும் ஒரே வகைப் போக்குவரத்துகளை ஒரே மாதிரி நடத்த வேண்டும். நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு வரும் நெரிசலை யாரும் விதிவிலக்கானது என்று சொல்ல முடியாது என்பதையும் கவனியுங்கள். அதற்கு மருந்து கொள்ளளவைக் கூட்டுவது.

இந்தியாவில் இரண்டு படிகள் நடந்தன. அவற்றைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட விதி, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றுவதைத் தடை செய்தது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் அபராதம். அது விலையைப் பற்றியது மட்டுமே. தடுப்பது, மெதுவாக்குவது, முன்னுரிமை கொடுப்பது பற்றிய பரிந்துரைகள் 2017 நவம்பரில் வந்து, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறையால் ஏற்கப்பட்டன. அவற்றிலும் நியாயமான மேலாண்மைக்கு விலக்கு உண்டு.

அமெரிக்காவின் கதை ஊஞ்சலாட்டம். 2015இல் எஃப்சிசி என்னும் தகவல்தொடர்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் அதே ஆணையம் வேறு பெரும்பான்மையுடன் நீக்கியது. 2024 ஏப்ரலில் மீட்டது. 2025 ஜனவரி 2 அன்று ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அங்கே நீதிமன்றங்கள் பெரும்பாலும் விவாதித்தது, விதி நல்லதா என்பதை அல்ல. அந்த விதியைப் போடும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டா என்பதை. அந்தத் தீர்ப்புகளை வைத்துப் பொறியியல் நியாயம் பேசுபவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

சிறுவலை எழுதியது:

நான் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இங்கே நடக்கும் பேச்சு, கம்பிவழி இணைப்பை மட்டும் மனத்தில் வைத்து நடக்கிறது. கம்பியில்லாக் கோபுரம் ஒன்றின் கொள்ளளவு நொடிக்கு நொடி மாறும். பயனர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தால் அவருக்கு அதே தரவை அனுப்ப அதிக நேரம் செலவாகும். அங்கே 'சமபங்கு' என்பதைத் தரவில் அளப்பதா, நேரத்தில் அளப்பதா? தரவில் அளந்தால், கோபுரத்திலிருந்து தொலைவில் இருக்கும் ஒருவர் அருகிலிருக்கும் பத்துப் பேரின் நேரத்தைத் தின்றுவிடுவார்.

அடுத்தது, செயலி தெரியாத நியாயப் பங்கீடு போதும் என்ற வாதம். ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு அழைப்பின் தேவையைவிடப் பெரிதாக இருக்கும்வரை அது அழகாக வேலை செய்யும். கடைசிமடை அவர்களின் பதிவேற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாற்பது வீடுகளும் ஒரே நேரத்தில் ஏற்றினால் வீட்டுக்கு அரை மெகாபிட்தான். தெளிவான காணொளி அழைப்புக்கு அது போதாது. அப்போது எல்லோருக்கும் சமமாகக் கெட்டுப்போன அழைப்பைக் கொடுப்பதா, அல்லது அவசரமில்லாத படப் பதிவேற்றத்தை அரைமணி நேரம் ஒதுக்கி வைப்பதா? இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவரைக் குற்றவாளி ஆக்குவது எனக்குப் புரியவில்லை.

கொள்ளளவைக் கூட்டுங்கள் என்று சட்டப்பிரிவு ஒரு வரியில் முடித்துவிட்டார். அதற்குப் பணம் வேண்டும். எங்கள் வலைப்பின்னலில் மாலைநேரப் போக்குவரத்தின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில காணொளி நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அவர்களும் செலவில் பங்கேற்க வேண்டும் என்று கேட்பது நடுநிலைமைக்கு எதிரானதா?

இடைமுனை எழுதியது:

சிறுவலை அவர்களின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் விவாதத்தின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

காணொளியை இழுப்பவர் உங்கள் வாடிக்கையாளர். அந்த இழுப்புக்காகத்தான் அவர் உங்களுக்கு மாதக்கட்டணம் செலுத்துகிறார். அனுப்புபவரும் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தென்கொரியா 2016இல் நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்பு விதிகளில் கொண்டுவந்தது. உள்ளூர் நிறுவனம் ஒன்று புகழ்பெற்ற சேவையைத் தன் வலைப்பின்னலுக்குள் வைத்திருந்தால், பிற நிறுவனங்களுக்கு அதிகம் 'அனுப்பியதாக'க் கணக்காகி அதற்கே செலவு ஏறும் என்ற விபரீதம் அதில் இருந்தது. நேரலை ஒளிபரப்புத் தளமான ட்விட்ச் அங்கே 2022இல் காணொளித் தரத்தை 720பி ஆகக் குறைத்து, 2024 பிப்ரவரியில், வலைப்பின்னல் கட்டணம் பிற நாடுகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று காரணம் சொல்லி, அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. பெரிய நிறுவனங்கள் பேரம் பேசித் தீர்த்துக்கொண்டன; நெட்ஃபிளிக்ஸுக்கும் அங்குள்ள இணையச் சேவை நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டுக்கும் இருந்த வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. பேரம் பேசும் பலம் இல்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை.

இன்னொன்று. பாகுபாடு என்றால் எங்கோ ஒரு இயந்திரம் பொட்டலத்தைத் திறந்து பார்த்து மெதுவாக்குகிறது என்றே நாம் கற்பனை செய்கிறோம். 2007இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட் செய்தது அப்படிப்பட்டதுதான்: பிட்டொரன்ட் பயன்படுத்திய இரு கணினிகளுக்கும், மறுமுனை இணைப்பைத் துண்டித்துவிட்டதுபோல் போலிச் சைகைகளை அனுப்பியது. அது பிடிபட்டது, அடுத்த ஆண்டு எஃப்சிசி கண்டித்தது, 2010இல் நீதிமன்றம், அதிகாரம் இல்லை என்று அந்த ஆணையை ரத்து செய்தது. ஆனால் நிறுவனம் அதற்குள் செயலியைப் பார்க்காத முறைக்கு மாறியிருந்தது. நெரிசல் ஏற்பட்ட பகுதியில், அந்த நேரத்தில் மிக அதிகமாகப் பயன்படுத்துபவருக்குச் சிறிது நேரம் முன்னுரிமையைக் குறைப்பது என்பது அந்தப் புதிய முறை. செயலியைத் தொடாமல் நிர்வகிக்க முடியாது என்ற வாதத்திற்கு அதே நிறுவனமே எதிர்ச்சான்று ஆனது.

2013–14இல் நடந்தது வேறு வகை. நெட்ஃபிளிக்ஸ் போக்குவரத்து அமெரிக்க நிறுவனங்களுக்குள் நுழையும் இணைப்புமுனைகள் நிரம்பி வழிந்தன. யாரும் எந்தப் பொட்டலத்தையும் திறந்து பார்க்கவில்லை, எதையும் தடுக்கவில்லை. முனையை விரிவாக்கும் செலவு யாருடையது என்ற தகராறில் அது அப்படியே கிடந்தது, அவ்வளவுதான். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் காம்காஸ்டுக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்புக்கு ஒப்புக்கொண்டதும் வேகம் ஏறியது. தவறு எந்தத் தரப்பின்மீது என்று இன்றும் இரு தரப்பும் வாதிடும். எனக்குப் படுவது இது: வாசல் ஒன்றை அகலப்படுத்தாமல் விட்டால், அதன் வழியே வருபவர் யார் என்று பார்க்காமலேயே அவரைத் தண்டித்துவிடலாம். பெரும்பாலான விதிகள் நிறுவனத்தின் உள்ளே நடக்கும் மேலாண்மையை நுணுக்கமாகப் பேசிவிட்டு, இந்த வாசலில் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன.

கம்பியில்லா இணைப்பில் நேரத்தைப் பங்கிடுவது பற்றிச் சிறுவலை சொன்னதை ஏற்கிறேன். அதற்கும் செயலியின் பெயர் தேவையில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

வரிசைமுனை எழுதியது:

சிறுவலை காட்டிய அரை மெகாபிட் கணக்கு சரியானதே. அந்த நிலையில் வகைப்படுத்தல் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகையை யார் சொல்வது? இணையப் பொட்டலத்தின் தலைப்பகுதியிலேயே, தன் அவசரத்தைக் குறிக்க 6 பிட் இடம் 1998 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பயனரின் கருவி அதில் "இது அவசரம்" என்று குறித்து, அந்த அவசரப் பங்குக்கு வீட்டுக்கு ஓர் உச்சவரம்பும் வைத்துவிட்டால், பங்குக்குள் எதை அவசரமாக்குவது என்பதை அந்த வீடே முடிவு செய்துகொள்ளும். நடுவில் இருக்கும் நிறுவனம் ஊகிக்க வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதால், அந்த ஊகமும் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிறது. எல்லாவற்றையும் ஒரே மறையாக்கக் குழாய்க்குள் அனுப்பும் விபிஎன் வழியாக வரும் அழைப்பு ஊகிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்கு அழைப்பாகவே தெரியாது.

கடைசிமடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முன்னுரிமைப் பட்டியலை நீக்கிவிட்டு, வரிசைமுனை அவர்கள் சொன்னபடி பதிவேற்ற வரம்பை 18 மெகாபிட்டாக வைத்து கேக் முறையை இயக்கினேன். நெரிசல் நேரத்தில் முன்பு 300 முதல் 450 மில்லிநொடி வரை காட்டிய தாமதம் இப்போது 35ஐத் தாண்டுவதில்லை. பத்து நாட்களாக அழைப்புப் புகார் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் அந்த வீட்டின் வைஃபை கோளாறு.

ஆட்சேபித்தவரிடம் இதைக் காட்டினேன். நன்றாகப் படித்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டார். சில வீடுகளில் சொந்த ரவுட்டர் இருக்கிறது. அந்த வீட்டின் கருவிகள் அனைத்தும் எங்கள் பொது ரவுட்டருக்கு ஒரே முகவரியாகத் தெரிகின்றன. மற்ற வீடுகளில் கருவிகள் நேரடியாகப் பொது வைஃபையில் இணைகின்றன. எட்டுக் கருவி இருந்தால் எட்டு முகவரி. "அப்படியானால் உங்கள் 'சமபங்கில்' அவர்களுக்கு எட்டுப் பங்கு, எனக்கு ஒன்றா?" என்கிறார். அவர் சொல்வது உண்மையா?

வரிசைமுனை எழுதியது:

உண்மைதான். கேக், முகவரிக்கு முகவரி சமமாகப் பங்கிடும். வீடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி விலேன், அதாவது அதே கருவிகளுக்குள் பிரித்து வைக்கும் மெய்நிகர் வலைப்பின்னல், அமைத்து, வீட்டை ஓர் அலகாகக் கொண்டு பங்கிடச் செய்யலாம். ஒரு நாள் வேலை. ஆனால் அதற்கு முன் குடியிருப்புக் கூட்டத்தில் கேளுங்கள்: ஒருவர் வாழும் வீட்டுக்கும் ஏழு பேர் வாழும் வீட்டுக்கும் ஒரே பங்கா, அல்லது ஆளுக்கு ஒரு பங்கா? கட்டணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறீர்களா, ஆளுக்கு இவ்வளவு என்றா என்பதையும் எழுதுங்கள். அது தெரிந்தால் அமைப்பை நான் எழுதி அனுப்புகிறேன்.

கடைசிமடை எழுதியது:

வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் வசூலிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. கேள்வியை ஆட்சேபித்தவரையே முன்வைக்கச் சொல்லியிருக்கிறேன்.